சம்பாரண்: அவுரி போட்டாலும் காசு, போடாம விட்டாலும் காசு

1911, 12 வாக்குல பீகார்ல இருக்கற சம்பாரண் ஜில்லாவுல, நீலச் சாயம் எடுக்கற செடியான அவுரியோட தோட்டத் துரைமாருங்க குடியானவங்க முன்னாடி ஒரு டீல் வெச்சாங்க. இனிமே நீ எங்களுக்கு அவுரி போட வேணாம், உனக்கு விடுதலை, ஆனா அதுக்கு ஈடா உன் குத்தகைய ஏத்தி பத்திரம் எழுதிக் குடுத்துடு. அவுரிங்கற அந்தச் சனியன் எப்படா ஒழியும்னு தலைமுறை தலைமுறையா காத்துக் கெடந்த ஜனம்தான், இருந்தாலும் இந்தப் பத்திரத்த பாத்து பயந்துச்சு, கையெழுத்து போட மாட்டேன்னவன் மேல கேஸ் வந்துச்சு, ஆளுங்க வந்தாங்க, மாட்ட ஓட்டிட்டுப் போனாங்க. கடைசில முப்பதாயிரம் பத்திரம் வாக்குல பதிவாச்சு. அத்தனையையும் பதிவு பண்ண கவர்மெண்டே ஸ்பெஷலா ரெஜிஸ்திராருங்கள போட்டுக் குடுத்துச்சுங்கறதுதான் இதுல கூத்து.

துரைக்கு ஏன் திடீர்னு இவ்ளோ தாராள மனசு? ஜெர்மன்காரன் 1897ல செயற்கை நீலச் சாயத்த மார்க்கெட்டுக்கு கொண்டு வந்துட்டான், செடி ஊற வெச்சு எடுக்கற சாயத்த விட அது மலிவு. வருஷா வருஷம் அவுரி வெல சரிஞ்சுக்கிட்டே போச்சு. ஒரு காலத்துல தொண்ணூறாயிரம் ஏக்கருக்கு மேல அவுரி நின்ன ஜில்லாவுல 1914ல பத்தாயிரம் ஏக்கர் கூட இல்ல. அதாவது எப்படியும் மூடப் போற கடை. மூடுற செலவ வேலை செஞ்சவன் தலைல கட்டிட்டாங்க, அவ்ளோதான். சம்பாரண்ண நாம ஸ்கூல் பாடத்துல அவுரி போடச் சொல்லி கொடுமைப்படுத்தின கதையா படிச்சிருப்போம். அது தப்பில்ல, ஆனா 1917ல தகராறு முத்துனதுக்கு நேரடிக் காரணம் அவுரி போடச் சொன்னத விட அத விடறதுக்கு வசூல் பண்ண காசுதான்னு நான் நினைக்கிறேன். இந்தக் கோணத்துல பாத்தாத்தான் காந்தி அங்க போயி செஞ்ச வேலை ஏன் ஊர்வலமா இல்லாம ஒரு ஆபீஸ் குமாஸ்தா வேலை மாதிரி இருந்துச்சுன்னு புரியும்.

ஜில்லாவப் பத்தி கொஞ்சம். வடக்கே நேபாளம், மேக்கே கண்டக் ஆறு, தலைநகர் மோதிஹாரி, இன்னொரு பெரிய ஊர் பேத்தியா. 1866ல சாரண் ஜில்லாவுல இருந்து தனியா பிரிச்சாங்க, 1911 சென்சஸ்ல ஜனத்தொகை 19 லட்சம் சுத்தி. அவுரிக்கும் அபினுக்கும் பேர் போன பூமி. ஜார்ஜ் ஆர்வெல் 1903ல பொறந்தது இந்த மோதிஹாரிலதான், அவங்கப்பா அபின் டிபார்ட்மெண்ட் ஆபீசர். ஜில்லாவுல பெரும்பகுதி பேத்தியா ராஜாவோட ஜமீன். ராஜா கடன்ல மூழ்கி, அந்தக் கடன அடைக்க 1888 வாக்குல லண்டன்ல லட்சக்கணக்குல கடன் வாங்குனாங்க, அந்தக் கடனுக்கு பிணையா அவுரி கம்பெனிங்களுக்கு நிறைய கிராமத்த நிரந்தர குத்தகைக்கு எழுதிக் குடுத்தாங்க. இந்த ஏற்பாட்ட முன்ன நின்னு நடத்தின ராஜ் மேனேஜர் கிப்பன் ஒரு வெள்ளைக்காரர். கடைசி மகாராஜா 1893ல வாரிசு இல்லாம செத்துப் போக, 1897ல எஸ்டேட் கோர்ட் ஆப் வார்ட்ஸ் கைக்குப் போச்சு, அதாவது கவர்மெண்ட் நிர்வாகத்துக்கு. இப்ப படத்தப் பாருங்க. நிலத்துக்கு மேல ராஜா, ராஜாவுக்கு பதிலா கவர்மெண்ட், நடுவுல துரை, கீழ குடியானவன். துரைதான் குத்தகை வாங்கற ஜமீன்தார், துரைதான் சாயத்த வாங்கற வியாபாரி, பக்கத்து ஊர் மாஜிஸ்திரேட் சாயங்காலம் போயி உக்கார்ற கிளப்புலயும் அதே துரைதான்.

இந்தக் கட்டாய அவுரி முறைக்கு தீன்கட்டியான்னு பேரு: பீகாவும் கட்டாவும் அந்த ஊர் நில அளவு, ஒரு பீகாவுக்கு இருபது கட்டா, அதுல மூணு கட்டா துரைக்கு அவுரி போட்டே ஆகணும். 1867, 68க்கு முன்னாடி அஞ்சு கட்டாவா இருந்துச்சு, லால்சரையா பக்கத்துல குடியானவங்க எதிர்த்து நின்ன பிறகு மூணா கொறைஞ்சுது. எந்த மூணு கட்டான்னு துரையோட அவுரி ஃபேக்டரி ஆளு வந்து காட்டுவான், வீட்டுக்குப் பக்கத்துல எரு போட்டு வளத்து வெச்சிருக்கற நல்ல துண்டாப் பாத்துதான் காட்டுவான். விளைஞ்சத எடை போட்டு வெல குடுக்க மாட்டாங்க, பரப்புக்கு இவ்ளோன்னு ஒரு ரேட்டு, செடி சரியா வரலைன்னா அதுலயும் கழிவு. நெல்லு நடற நேரத்துல இவன் அவுரிக் காட்டுல நிக்கணும், இவன் மாடும் ஏரும் அங்கதான்.

சரி, அந்த விடுதலை டீலுக்கு வருவோம், ஏன்னா இதுல சட்டத்த வளைச்ச விதம் பாக்க வேண்டியது. 1885 வங்காள குத்தகைச் சட்டப்படி குடியானவனோட குத்தகைய இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, ஒப்பந்தம் போட்டு ஏத்தினாலும் ரூபாய்க்கு ரெண்டணா, அதாவது பன்னெண்டரை சதவீதம்தான் உச்சம். ஆனா 29ஆவது செக்‌ஷன்ல ஒரு விதிவிலக்கு: நிலக்காரனுக்காக ஒரு குறிப்பிட்ட பயிர போடறேன்னு குறைஞ்ச குத்தகைக்கு இருக்கறவன், அந்தக் கட்டாயத்துல இருந்து விடுபட்டா, அதிகக் குத்தகை குடுக்க ஒத்துக்கலாம். இத எழுதினவன் குடியானவனுக்கு நல்லதுன்னுதான் எழுதியிருப்பான் போல. துரைங்க வக்கீலுங்க அந்த ஓட்டைல ஒரு யானையவே ஓட்டிட்டாங்க. உனக்கு அவுரி போடற கட்டாயம் இருந்துச்சு, இப்ப விட்டுட்டேன், ஆகவே உச்சவரம்பு பொருந்தாது. பல ஊர்ல குத்தகை ஒரே போடா பாதிக்கு மேல ஏறுச்சு. இதுக்குப் பேரு ஷராபேஷி.

இதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. நிரந்தர குத்தகைல இருந்த கிராமத்துலதான் ஷராபேஷி, ஏன்னா ஏத்தின குத்தகை துரைக்கே காலாகாலத்துக்கும் வரும். குறிப்பிட்ட வருஷத்துக்கு மட்டும் குத்தகை எடுத்த கிராமத்துல ஏத்தினா, கெடு முடிஞ்சதும் லாபம் ராஜ் எஸ்டேட்டுக்குப் போயிடும். அதனால அங்க ஏத்தல, மொத்தமா ரொக்கம் கேட்டாங்க, பீகாவுக்கு நூறு ரூபாய் வரைக்கும். இதுக்கு தாவான்னு பேரு. ரொக்கம் இல்லாதவன் பத்திரம் எழுதிக் குடுத்து துரைக்கே கடன்காரன் ஆனான், வட்டியோட. துரைங்க கணக்குல ஒரு தப்பு கிடையாது பாருங்க, எந்த ஊர்ல எது லாபமோ அது. இந்தக் கணக்க ஒரு நாள் யாராவது உக்காந்து ஊர் ஊரா எழுதி வரிசையா வெச்சா என்ன ஆகும்னு மட்டும் அவங்க யோசிக்கல.

இது போதாதுன்னு அப்வாப். குத்தகைக்கு மேல வாங்கற சில்லறை வரிங்க, 1885 சட்டப்படியே செல்லாது, ஆனா வாங்கினாங்க, நாப்பது அம்பது தினுசு. அப்பன் செத்து மகன் பேருக்கு நிலம் மாறுனா ஒண்ணு, பொண்ணு கல்யாணத்துக்கு ஒண்ணு, விதவை மறுமணம் பண்ணிக்கிட்டா ஒண்ணு. செக்கு வெச்சிருந்தா ஒண்ணு, மஞ்சள் வேக வெக்கிற அடுப்புக்கு ஒண்ணு, ஹோலிக்கு ஒண்ணு, தசராவுக்கு ஒண்ணு. துரை குதிரை வாங்குனா கோடாஹி, யானை வாங்குனா ஹாத்தியாஹி, மோட்டார் கார் வாங்குனா மோட்டராஹி. ஒரு துரைக்கு கால்ல புண்ணு வந்து வைத்தியம் பாத்த செலவுக்கும் ஊர்ல வசூல் போட்டிருக்காங்க. சாட்டி ஃபேக்டரில அவுரிய விட்டதும் பைன்கர்ச்சான்னு பீகாவுக்கு மூணு ரூபாய் வாய்க்கால் வரி வந்துச்சு, வாய்க்காலே எட்டிப் பாக்காத நிலத்துக்கும்.

ஜனம் சும்மா இருந்துச்சான்னா இல்ல. 1907ல தேல்ஹாரா ஃபேக்டரி மேனேஜர் ப்ளூம்ஃபீல்ட அடிச்சே கொன்னுட்டாங்க. அதே சமயத்துல சாட்டி பக்கத்துல ஷேக் குலாப்னு ஒருத்தர், சீதல் ராய்னு ஒருத்தர், ரெண்டு பேரும் சேர்ந்து அவுரி போட மாட்டோம்னு ஊர் ஊரா கட்டுப்பாடு பண்ணாங்க. இந்து முஸ்லிம் ரெண்டு தரப்பு குடியானவங்களும் ஒண்ணா நின்னது அப்ப, காந்தி தென்னாப்பிரிக்காவுல இருந்த காலம். போலீஸ் குவிஞ்சுது, ஆளுங்க ஜெயிலுக்குப் போனாங்க. அப்புறம் கோர்லேன்னு ஒரு ஆபீசர விசாரணைக்கு அனுப்பினாங்க, அவரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தாரு, அத கவர்மெண்ட் வெளியிடல. ஆக அடிச்சும் பாத்தாங்க, ஒதுங்கி நின்னும் பாத்தாங்க, மனு போட்டும் பாத்தாங்க. கான்பூர்ல கணேஷ் சங்கர் வித்யார்த்தி நடத்துன பிரதாப் பத்திரிகைல பீர் முகமது மூனிஸ் சம்பாரண் சேதிய விடாம எழுதிட்டு இருந்தாரு, காந்தி வந்து இறங்கறதுக்கு முன்னாடியே. இவங்க பேரெல்லாம் நம்ம பாடபுத்தகத்துல ஒரு வரி கூட வராது, எனக்கு அது ஒரு ஆதங்கம்தான்.

ராஜ்குமார் சுக்லா பேரு மட்டும் தப்பிச்சுது. பேல்வா ஃபேக்டரி மேனேஜர் அம்மனோட தகராறு, அதுல ஜெயிலுக்கும் போயிட்டு வந்தவர். 1916 டிசம்பர்ல லக்னோ காங்கிரஸ்ல காந்தியப் பிடிச்சாரு. சம்பாரண் தீர்மானத்த நீங்க பேசுங்கன்னாங்க, நேர்ல பாக்காம பேச மாட்டேன்னு காந்தி சொல்லிட்டாரு, பீகார் வக்கீல் பிரஜ்கிஷோர் பிரசாத்தான் கொண்டு வந்தாரு. சுக்லா விடல, கான்பூருக்கு பின்னாடியே போனாரு, அகமதாபாத்துக்கு போனாரு, கடைசில 1917 ஏப்ரல்ல கல்கத்தாவுல இருந்து ரயிலேத்தி 10ஆம் தேதி பாட்னாவுல இறக்கிட்டாரு. நேரா ராஜேந்திர பிரசாத் வீட்டுக்குப் போனா அவரு ஊர்ல இல்ல, இந்த வேட்டி கட்டுன ஆளு யாரு என்ன ஜாதின்னு தெரியாம வேலைக்காரங்க கிணத்துல தண்ணி சேந்தக் கூட விடல. அன்னிக்கு ராத்திரியே முசாபர்பூர், அங்க காலேஜ் வாத்தியாரா இருந்த கிருபளானி ஸ்டூடண்ட்ஸோட ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போனாரு.

காந்தி முதல்ல போயி பாத்தது குடியானவங்கள இல்ல. தோட்ட முதலாளிங்க சங்கத்து செக்ரட்டரி வில்சன், அப்புறம் திர்ஹூட் கமிஷனர் மோர்ஸ்ஹெட். நீ வெளியாளு, உனக்கு இங்க என்ன வேலைன்னு வில்சன் கேட்டாரு, உடனே கிளம்புன்னு மோர்ஸ்ஹெட் சொன்னாரு. அப்பவே அரெஸ்ட் ஆவோம்னு காந்திக்குத் தெரிஞ்சு போச்சு, ஆனா மோதிஹாரிலயோ பேத்தியாவுலயோ அரெஸ்ட் ஆகணும், இங்க முசாபர்பூர்ல வேணாம்னு அவசரமா கிளம்பி 15ஆம் தேதி மோதிஹாரி போயி வக்கீல் கோரக் பிரசாத் வீட்டுல தங்குனாரு. மறுநாள் ஜசௌலிப்பட்டில ஒரு குடியானவன அடிச்சு நாசம் பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டு யானை மேல ஏறிப் போறாங்க. சந்திரஹியா கிட்ட போகும்போது பின்னாடியே ஒரு போலீஸ்காரர் வந்து, கலெக்டர் உங்களுக்கு சலாம் சொன்னாருங்கறாரு. திரும்பி வந்தா 144 நோட்டீஸ், ஜில்லாவ விட்டு வெளியேறணும். வாங்கிக்கிட்டாரு, போக மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. கூட வந்த வக்கீலுங்ககிட்ட, நான் ஜெயிலுக்குப் போயிட்டா நீங்க என்ன செய்வீங்கன்னு கேட்டப்போ முதல்ல முழிச்சாங்க, எழுதறதுக்கும் மொழிபெயர்க்கறதுக்கும்தான் வந்தோம்னாங்க, அப்புறம் ராத்திரி யோசிச்சு நாங்களும் வரிசையா போறோம்னாங்க.

18ஆம் தேதி கோர்ட். சுத்துப்பட்டுல இருந்து ஆயிரக்கணக்குல ஜனம் வந்து கதவு கண்ணாடி நொறுங்கற அளவுக்கு கூட்டம். மாஜிஸ்திரேட் சந்தர், சர்க்கார் வக்கீலு சாட்சியெல்லாம் தயார் பண்ணி வெச்சிருக்காரு, வாய்தா கூட கேக்கறாரு. காந்தி எழுந்து வாய்தாவே வேணாம், நான் உத்தரவ மீறினது நிஜம், சட்டத்த அவமதிக்கணும்னு இல்ல, மனசாட்சி சொல்றது அதுக்கும் மேல, தண்டனை குடுங்கன்னுட்டாரு. குத்தம் செஞ்சவனே ஒத்துக்கிட்ட கேஸ்ல தீர்ப்பு சொல்லத் தெரியாம கோர்ட் தடுமாறுச்சு. ஜாமீன் கட்டுன்னாங்க, மாட்டேன்னாரு, சரி சும்மா போன்னு விட்டாங்க. தீர்ப்ப 21க்கு தள்ளி வெச்சாங்க, அதுக்குள்ள லெப்டினண்ட் கவர்னர் எட்வர்ட் கெயிட் கேஸ வாபஸ் வாங்கிட்டாரு, மேற்கொண்டு விசாரணைக்கு உதவி பண்ணணும்னும் உத்தரவு போட்டாரு.

எல்லாரும் இந்த கோர்ட் சீனத்தான் பெருசா சொல்லுவாங்க. எனக்கு அதுக்கு அப்புறம் நடந்ததுதான் பெருசு. மோதிஹாரிலயும் பேத்தியாவுல ஹசாரிமல் தர்மசாலாவுலயும் மேசை போட்டு உக்காந்து ராஜேந்திர பிரசாத், பிரஜ்கிஷோர், அனுக்ரஹ் நாராயண் சின்ஹா, தரணீதர், ராமநவமி பிரசாத், ஷம்புசரண் இவங்கெல்லாம் காலைல இருந்து இருட்டற வரைக்கும் வாக்குமூலம் எழுதினாங்க. எட்டாயிரத்துக்கு மேல, ஜில்லா பூரா பல கிராமத்துல இருந்து ஜனம் கியூல நின்னு. காந்தி போட்ட ரூல் கறாரு. சொன்னத அப்படியே எழுதக் கூடாது, குறுக்கு விசாரணை பண்ணணும், பேச்சு முன்னுக்குப் பின் முரணா இருந்தா தள்ளிடணும், ரசீது இருந்தா காட்டச் சொல்லணும். பக்கத்துல சிஐடி ஆபீசர் வந்து உக்காந்துப்பாரு. அவர விரட்டாதீங்க, சேர் போட்டுக் குடுங்கன்னுட்டாரு காந்தி. இது மரியாதை மட்டும் இல்ல, புத்திசாலித்தனம்: போலீஸ் முன்னாடி வெச்சு எழுதின வாக்குமூலத்த நாளைக்கு எவனும் கட்டுக்கதைன்னு சொல்ல முடியாது. குடியானவன் பக்கம் பாத்தா அது வேற மாதிரி. போன வருஷம் வரைக்கும் போலீஸ்காரனோட சிவப்புத் தலப்பாவ கண்டா வேலி தாண்டி ஓடினவன், இப்ப சிஐடி கேட்டுக்கிட்டு இருக்கும்போதே துரை பேரச் சொல்லி, எவ்ளோ வாங்குனான், எந்த மாசம், யாரு வந்து மாட்ட ஓட்டுனதுன்னு சொல்றான். அந்தக் கியூதான் போராட்டமேன்னு நான் சொல்லுவேன்.

காங்கிரஸ் பேர எங்கயும் எடுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாரு, சொற்பொழிவு கிடையாது, பத்திரிகைக்கு ரிப்போர்ட்டர அனுப்பாதீங்கன்னு எடிட்டருங்களுக்கே எழுதிட்டாரு. குடியானவங்ககிட்ட ஒரு பைசா வசூல் இல்ல, மொத்த செலவே மூவாயிரம் ரூபாய தாண்டலைன்னு அவரே எழுதியிருக்காரு. ஆளாளுக்கு ஒரு வேலைக்காரன், தனித்தனி சமையக்காரன்னு வந்த வக்கீலுங்கள ஒரே அடுப்புல சாப்பிட வெச்சாரு, பீகார் ஜாதி ஆச்சாரத்துல அது சின்ன விஷயம் இல்ல. பேத்தியா சப்டிவிஷன் ஆபீசர் லூயிஸ் மேலிடத்துக்கு எழுதுனதுல, நாம இவர என்ன பேரு வேணா சொல்லிக்கலாம், குடியானவங்களுக்கு இவர்தான் மீட்க வந்த ஆளுங்கற மாதிரி எழுதினாரு. துரைங்க சங்கம் கத்துன கத்துல மே மாசம் காந்தி ஒரு ரிப்போர்ட் குடுத்தாரு, ஜூன் ஆரம்பத்துல ராஞ்சில கெயிட்டப் பாத்தாரு, உடனே சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டுச்சு. தலைவர் மத்திய மாகாணத்து ஸ்லை, துரைங்க சார்பா ரீட், ஜமீன்தாருங்க சார்பா ஒரு ராஜா, சர்க்கார் ஆளுங்க, குடியானவங்க சார்பா காந்தி. மனு குடுக்க வந்தவர கமிட்டி மெம்பராவே ஆக்கிட்டாங்க.

கமிட்டில பெரிய சண்டை எதுவும் வெளிய தெரியல, ஏன்னா எட்டாயிரம் வாக்குமூலமும் கோர்ட் ரெக்கார்டும் ஒரு பக்கம், துரைங்க தாங்களே பதிவு பண்ண முப்பதாயிரம் பத்திரம் இன்னொரு பக்கம். அவங்க சாமர்த்தியமா போட்ட பத்திரமே அவங்களுக்கு எதிரா சாட்சியா வந்து நின்னுச்சு. அக்டோபர்ல ஒருமனசான ரிப்போர்ட். தீன்கட்டியா ஒழியணும், அப்வாப் கூடாது, ஷராபேஷில ஏத்துனதுல தோட்டத்துக்குத் தகுந்த மாதிரி 20லேந்து 26 சதவீதம் குறைக்கணும், தாவான்ல 25 சதவீதம் திருப்பித் தரணும். 1918 மார்ச்ல சம்பாரண் விவசாயச் சட்டம் பாஸ் ஆச்சு.

கணக்கு தெரிஞ்சவங்க உடனே கேப்பாங்க, அவ்ளோதானா? நியாயமான கேள்வி. குறைஞ்சது ஏத்துன பாகத்துலதான், முழு குத்தகைல இல்ல. ஏத்துனதுல முக்கால் பங்கு அப்படியே நின்னுச்சு, தாவான்லயும் முக்கால் துரை பாக்கெட்லயே. காந்தி கேட்டதுல இருந்து இறங்கித்தான் ஒத்துக்கிட்டாரு. எவ்ளோ திரும்ப வந்துச்சுங்கறத விட துரை திருப்பிக் குடுக்க வேண்டி வந்துச்சுங்கறதுதான் முக்கியம்னு அவரு வாதம். நடந்ததப் பாத்தா அது வெறும் சமாதானப் பேச்சு இல்ல, பத்துப் பதினஞ்சு வருஷத்துல துரைங்க ஒவ்வொருத்தரா நிலத்த வித்துட்டு கெளம்பிட்டாங்க. பயம் போனதும் அந்தத் தொழில நடத்த முடியல. ஆனா ஷராபேஷி செல்லாதுன்னு கோர்ட்ல முழுசா ஜெயிச்சிருக்க வாய்ப்பிருந்தவங்களுக்கு இது நஷ்டமான ராஜிதான், அதையும் சொல்லணும்.

இன்னொண்ணும் இருக்கு. வாக்குமூலம் குடுத்தவன் பெரும்பாலும் பேருல நிலம் இருக்கற குடியானவன். சுக்லாவே வட்டிக்கு விட்டு நல்லா சம்பாதிச்சவர்தான். துரை வட்டியும் குத்தகையும் வாங்கறது உள்ளூர் வட்டிக்காரனுக்கும் இடைஞ்சல், அந்தப் போட்டியும் இந்த இயக்கத்துக்குள்ள ஓடுச்சுன்னு ஆய்வு பண்ணவங்க சொல்றது எனக்கு சரியாத்தான் படுது. நிலமே இல்லாத கூலிக்காரனுக்கு 1918 சட்டத்துல ஒரு வரி கூட கிடையாது. அவன் கூலி, அவன் அடிமைக் கடன், எதுவும் அந்த ஃபைல்ல ஏறல. காந்தி பர்ஹர்வா, பிதிஹர்வா, மதுபன் மூணு ஊர்ல ஸ்கூல் ஆரம்பிச்சாரு, கஸ்தூர்பா, அவந்திகாபாய் கோகலே, டாக்டர் தேவ் எல்லாம் வந்து பாடம் சொல்லி, மருந்து குடுத்து, கிணத்த சுத்தம் பண்ணாங்க. பிதிஹர்வா ஸ்கூல் குடிசை எரிஞ்சு போச்சு, செங்கல்ல திரும்பக் கட்டினாங்க. ஆனா காந்தி அடுத்த போராட்டங்களுக்காக குஜராத்ல கேடாவுக்கும் அகமதாபாத்துக்கும் போனதும் அந்த வேலை தேய்ஞ்சு போச்சு.

துரைங்க வித்த நிலத்த வாங்குனது யாருன்னா கையில காசு இருந்தவங்க: பெரிய குடியானவங்க, வட்டிக்காரங்க, ராஜ் எஸ்டேட் உத்தியோகஸ்தருங்க, கரும்பு மில்லுக்காரங்க. 1907ல ஷேக் குலாப் கட்டுப்பாடு பண்ண அதே சாட்டில, 1946ல கோர்ட் ஆப் வார்ட்ஸ் நிலத்துல 200 பீகா செல்வாக்கான ரெண்டு அண்ணன் தம்பிக்கு எழுதிக் குடுக்கப்பட்டுச்சு. ஊரே கொதிச்சுது, காங்கிரஸ் மேலிடம் வரைக்கும் போயி, 1950ல அந்த நிலத்த திரும்ப எடுக்க பீகார் சட்டசபைல தனியா ஒரு சட்டமே போட்டாங்க. 1953ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, ரெண்டு பேர மட்டும் குறி வெச்சு சட்டம் போடறது சமத்துவ உரிமைக்கு விரோதம்னு.